புளிச்சோற்றுக்குக் காவல் இருந்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

விடுதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கையில் டிரெயினிங் சர்டிபிகேட் இருக்கிறது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஜீப் இருக்கிறது. நாங்கள் தட்டுத் தடுமாறி ஏறிய பாறையில் இப்போது படி வெட்டி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் நட்டுவிட்டார்கள். போன வாரம் போய் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சைப் பெயின்ட் வேறு. நான் வேலையில் இருந்த காலத்தில் அந்தப் பெயின்ட் டப்பாவின் மூடியைக்கூட யாரும் கண்ணில் காட்டியதில்லை. போகட்டும், நன்றாக இருங்கள். எரிவது என் வயிறு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பாடம் நடத்தத் தெரியாது. பொறாமையைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம், அதில் எனக்குப் பழக்கம் அதிகம். இந்த வேலைக்கு அது எவ்வளவு தேவை என்று உங்கள் டிரெயினிங்கில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில், இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பிப்போன பெண்பிள்ளைகளுக்கு என்று ஒரு விடுதி இருந்தது. விடுதியின் இரண்டு பக்கமும் தறிக்கொட்டகை. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் பிள்ளைகள் பேசுவது காதில் விழாது, வாயைப் பார்த்துப் பதில் சொல்வோம். நான் அங்கே ஆயா. என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், தூக்குவது. கட்டிலில் இருந்து குளிக்கிற இடத்துக்கு, குளிக்கிற இடத்தில் இருந்து பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு. என் இடது இடுப்பில் உட்காராத பிள்ளை அந்த விடுதியில் கிடையாது.

வருஷா வருஷம் தை மாசம், பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு மேற்கே இருக்கிற மொட்டைப் பாறைக்குப் பிள்ளைகளை மாட்டு வண்டியில் கூட்டிப்போவோம். பாறையின் உச்சியில் ஒரு சுனை உண்டு. கோடையிலும் வற்றாது என்பார்கள். அடிவாரத்தில் ஒரு புளியமரம். அங்கே புளிச்சோற்று அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, காலில் கம்பிச் செருப்பு மாட்டி, கக்கத்தில் கட்டை ஊன்றி நடக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஏறுவார்கள். கட்டை வைத்தும் நடக்க முடியாத பிள்ளைகள் விடுதியிலேயே இருந்துவிடும். வார்டனம்மா அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தார். கெட்ட மனசு இல்லை. யாராவது விழுந்து வைத்தால் பெற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்.

நடக்க முடியாதவர்களில் கோமதி ஒருத்தி மட்டும் அந்தச் சட்டத்துக்கு அடங்கமாட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். இரண்டு காலும் துணி மாதிரித் தொங்கும். கையில் மட்டும் அப்படி ஒரு பலம். கிளம்புகிற நேரம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொள்வோம். ஆனால் பாறைக்குப் போனபின் அவளுக்கு வேலை ஒன்றுதான். புளியமரத்தடியில் உட்கார்ந்து, அண்டாவைக் குரங்கு தொடாமல் பார்த்துக்கொள்வது. துணைக்கு நான்.

நான் பொறாமைக்காரி என்று நினைத்திருந்தேன். கோமதியைப் பார்த்த பிறகுதான், நான் அந்தக் கலையில் சின்னப் பிள்ளை என்று தெரிந்தது. மேலே போனவர்கள் இறங்கி வருகிற சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கூட்டத்துக்குத் தலைவி செல்வி. ஒரு கால் மட்டும் சூம்பியவள், கட்டை ஊன்றி ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுவாள். மேலே இருந்து பார்த்தால் கோபுரம் தெரிகிறது என்று அவள் ஆரம்பித்தால், கோபுரம் எங்கள் தெருவிலேயே தெரிகிறது என்று கோமதி முடித்துவிடுவாள். ஒரு தடவை செல்வி பாவம் பார்த்து, ஒரு பாட்டிலில் சுனைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

கோமதி வாங்கி மோந்து பார்த்தாள்.

"இது குழாத் தண்ணி," என்று சொல்லிவிட்டு மண்ணில் கவிழ்த்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் தை பிறந்ததும் வார்டனம்மா என்னிடம் சொல்லிவிட்டார். சும்மா மரத்தடியில் உட்காருவதற்கு வண்டியில் எதற்கு ஒரு இடம்? கோமதி வளர்ந்துவிட்டாள், தூக்கி இறக்கவும் முடியவில்லை. இந்த ஒரு தடவை வரட்டும். மேலே ஏற்ற முடிந்தால் சரி. முடியாவிட்டால், அடுத்த வருஷத்தில் இருந்து அவள் கத்தினாலும் கூப்பாடு போட்டாலும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கோமதியும் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வீட்டுக்காரருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், கோயில் சப்பரம் தூக்குகிறவர். அவரோடு சேர்ந்து நாலு பேர். திருவிழாவில் அம்மன் வீதியுலா வரும்போது, சப்பரத் தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடி நடப்பார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு ஓடிவந்து அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். வெற்றிலை கொடுப்பார்கள், விசிறிவிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றில் காந்தும். வருஷத்தில் சில நாள் தூக்குகிறவருக்கு இத்தனை மரியாதை. வருஷம் பூரா தூக்குகிற என் காலில் யாராவது ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியிருப்பார்களா? அந்தக் கடுப்பில்தான் அவரையே கூப்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்து நாற்காலியில் இரண்டு சவுக்குக் கம்பைக் கட்டி, கோமதியை அதில் உட்காரவைத்து மேலே கொண்டுபோக முடியுமா என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி மதினி," என்றார் கொழுந்தன். "கோமதியத் தூக்கத்தான நாங்க பொறந்திருக்கோம். எந்தக் கோமதியா இருந்தா என்ன?" எங்கள் ஊர் அம்மனுக்கும் அதே பெயர். அப்படிச் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உங்கள் கையிலும் இந்த மாதிரி நல்ல ஏற்பாடு ஒன்று வந்து சேரும். அப்போது ஏற்பாட்டைப் பார்க்காதீர்கள், அதில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எனக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் தோன்றியது.

அடிவாரத்தில் நாலு பேரும் நாற்காலியைத் தோளில் ஏற்றினார்கள். ஏற்றியதுதான் தாமதம், கால் தானாகவே சப்பர நடை போட ஆரம்பித்தது. இடது பக்கம் ஒரு ஆட்டம், வலது பக்கம் ஒரு ஆட்டம். அங்கே பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அந்த நடையைப் பார்த்ததும், குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து அவர்கள் காலில் ஊற்றினார்கள். அதிலே வயதான ஒருத்தி கோமதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். போட்டுவிட்டு, கால் தொங்குவதைப் பார்த்து ஐயோ பாவம் என்றும் சொன்னாள். கும்பிடும் பாவமும் ஒரே வாயில். கோமதி நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியில் அவள் விரல் வெளுத்துப் போயிருந்தது.

வார்டனம்மாவும் மற்ற பிள்ளைகளும் முன்னாலேயே ஏறிப் போய்விட்டார்கள். நான் நாற்காலிக்குப் பின்னால் போனேன். பாதிப் பாறை வந்திருக்கும், கோமதி குனிந்து சொன்னாள்:

"ஆயாம்மா, ஒண்ணுக்கு வருது."

இறக்கச் சொன்னேன். நாலு பேரும் நின்றார்கள். யாரும் இறக்கவில்லை. கொழுந்தன் கழுத்தைத் திருப்பாமலே சொன்னார், "எடுத்தத நடுவுல தரையில வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல மதினி. மேல போயி எறக்குதோம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர்கள் வெற்றிலை போட நின்றாலும், கவட்டைக் கம்பை ஊன்றி அதன் மேல்தான் தண்டைத் தாங்க வைப்பார்கள். இறங்க வேண்டிய இடம் வரும்வரை சப்பரம் தரையைத் தொடாது. அப்பா காலத்தில் இருந்து தோளில் ஊறிய பழக்கம். நாற்காலியில் இருப்பது அம்மன் இல்லை, புளிச்சோற்றுக்குக் காவல் இருக்கிற பிள்ளை என்று வாய் சொன்னாலும் தோள் கேட்கவில்லை.

"அம்மனுக்கு ஒண்ணுக்கு வராது கொழுந்தனாரே," என்றேன். "இவளுக்கு வருமே."

"கொஞ்சம் அடக்கச் சொல்லுங்க மதினி. இந்தா வந்துட்டு."

இப்படிப் பேசிக்கொண்டே மறுபடி ஒரு ஆட்டம் ஆடி நடக்கப் போனார்கள். கோமதி அழவில்லை. நிதானமாக, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்:

"எறக்காட்டி நான் இருந்தமேனிக்கே போயிருவேன். அடியில நிக்கவுக பாத்துக்கிடுங்க."

வழக்கம் எல்லாம் அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. அவ்வளவு வேகமாக இறங்கிய சப்பரத்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

அவளைத் தூக்கி ஒரு உருண்டைக் கல்லின் மறைவுக்குக் கொண்டுபோனேன். பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

"என்னட்டி?"

"வரல."

"பயத்துல நின்னுட்டா?"

"அப்பவும் வரல," என்றாள். "அங்கன இருந்தா அவுக தலையும் பாறையும்தான் தெரியுது. எல்லாரும் பாவம் பாவம்ங்காக. நான் அதுல ஏற மாட்டேன்."

அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. வெளியே வந்தால் கொழுந்தன் நாற்காலியில் இருந்து கம்பை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். நடுவழியில் இறக்கியதை அன்றைக்கே மறுபடி தோளில் ஏற்றமாட்டார்களாம், ஆகாதாம். முகம் சுண்டிப்போய்விட்டது மனுஷருக்கு. நான் வாதாடவில்லை. தண்டு உறுத்தாமல் இருக்கத் தோளில் வைக்கிற பழந்துணிச் சும்மாடு நாலையும் மட்டும் கேட்டு வாங்கினேன். எதற்கு என்றார். என் மூட்டு வலிக்கு என்றேன். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

உச்சியில் இருந்து வார்டனம்மா எட்டிப் பார்த்தார். நாற்காலி இல்லை, ஆட்கள் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் வெறும் பாறையில் உட்கார்ந்திருக்கிறோம். கோமதியைத் தூக்கிக்கொண்டு கீழே போ, அண்டாவைப் பார்த்துக்கொள் என்று அங்கே இருந்தே கையைக் காட்டினார். நான் கையை நீட்டினேன். பழகிய கை, தானாகவே போகும்.

"தொடாதீங்க," என்றாள் கோமதி.

பாறைக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் பின்னால் ஊன்றினாள். ஒரு எக்கு எக்கினாள். உடம்பு ஒரு சாண் மேலே போய் உட்கார்ந்தது. காலைக் கையால் எடுத்து இழுத்து வைத்துக்கொண்டாள். மறுபடி ஒரு எக்கு.

இந்த இடத்தில்தான் கவனமாகக் கேட்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. அத்தனை வருஷம் என் இடுப்பு சுமந்த பிள்ளையை ஒரு பாறை, கையும் காலும் இல்லாத ஒரு கல், ஏற்றிக்கொண்டு போகிறது. எனக்கு அதன் மேல் பொறாமை வந்தது. உலகத்தில் ஒரு பாறையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தூக்கிவிடலாம், கீழே இறங்குவது எனக்குச் சுலபம், பத்திரமும்கூட, மேலே இருந்து உத்தரவும் வந்துவிட்டது என்றெல்லாம் மனசு சொன்னது. உங்களுக்கும் இப்படிச் சொல்லும். தூக்குவதற்கு எப்போதும் நல்ல காரணம் கிடைக்கும். நாம் எதற்கு இருக்கிறோம் என்கிற பயம் அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.

சும்மாட்டில் இரண்டை அவள் பாவாடைக்கு அடியில், இடுப்பைச் சுற்றி, என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். மற்ற இரண்டும் எனக்கு. பள்ளம் இருக்கிற பக்கமாக, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நானும் அதே மாதிரி உட்கார்ந்தேன். சறுக்கினால் என் மேல்தான் சறுக்க வேண்டும். அவள் எக்கினால் நானும் எக்கினேன். என்னைவிட அவள்தான் வேகம்.

அந்தப் பாறையில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன், ஒன்றும் பார்த்ததில்லை. நடந்து ஏறுகிறவர்களுக்கு அடுத்த அடி வைக்கிற இடம்தான் கண்ணில் இருக்கும். கட்டை ஊன்றுகிற பிள்ளைகள் தலையே நிமிர்த்தமாட்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்து ஏறியபோது, ஒவ்வொரு எக்குக்கும் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. முதலில் புளியமரத்தின் உச்சி. அப்புறம் கரிசல் காடு, வெடித்த பருத்தி. அப்புறம் ரோடு, குளம், கோபுரம். தென்காசிப் பக்கம் போகிற ரயில் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு ஓரத்தில் நுழைந்து, பாம்பு மாதிரி முழு நீளமும் தெரிந்து, இன்னொரு ஓரத்தில் மறைந்தது. கோமதி எக்குவதை நிறுத்திவிட்டு அதன் கடைசிப் பெட்டிவரை பார்த்தாள்.

ரயில் போனபின் அவள் கண் கீழே புளியமரத்துக்குப் போனது. என் கண்ணும் போனது.

அண்டா மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. இன்னொன்று மூடிமேல் இருந்த கல்லை உருட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் இருந்து மற்றவை இறங்கி வந்துகொண்டிருந்தன.

காவல்காரர்கள் இரண்டு பேரும் பாறையில் இருந்தோம். மேலே இருக்கிற யாருக்கும் அது தெரியாது, அவர்கள் சுனையைச் சுற்றி நின்றார்கள். நான் ஒரு சத்தம் போட்டால் போதும். போட்டால் வார்டனம்மா என்னைத்தான் கீழே ஓடச் சொல்வார். நான் போனால் கோமதிக்குப் பள்ளத்துப் பக்கம் ஆள் இல்லை. அவளை அங்கேயே நிறுத்துவார்கள். விடுதியில் ஒரு காரியத்தைச் செய்து பார்த்துப் பாதியில் நின்றுவிட்டால், அதற்குமேல் அது முடியாத காரியம் என்று சட்டமாகிவிடும். பிறகு யாரும் செய்துபார்க்கக்கூட விடமாட்டார்கள். பசி அப்படி இல்லை, விடுதிக்குத் திரும்பி உலை வைத்தால் தீர்ந்துவிடும்.

மூடி உருண்டு விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது.

"ஆயாம்மா," என்றாள் கோமதி என் முகத்தைப் பார்க்காமல், "ஒங்களுக்கு எட்டத்துல உள்ளது தெரியுமா?"

"எங்க தெரியுது? கிட்டத்துல உள்ளதே மங்கலாத்தான் இருக்கு. ஒனக்கு?"

"புகைச்சலா இருக்கு," என்றாள். எக்கினாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தது. பிள்ளைகள் கட்டையால் பாறையைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். வார்டனம்மா என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அவள் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கோமதி யாரையும் கவனிக்கவில்லை. உட்கார்ந்தபடியே சுனை ஓரத்துக்கு நகர்ந்து போனாள். முழங்கைவரை கையை விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு திரும்பிச் சொன்னாள்:

"இம்புட்டுதானா? நம்ம குளிக்கிற தொட்டி இதவிடப் பெருசு."

சொன்னாளே தவிர, கையை வெளியே எடுக்கவில்லை.

பிறகு செல்வியிடம், ரயிலைப் பார்த்தாயா என்று கேட்டாள். எந்த ரயில் என்றாள் செல்வி. புகையில் ஆரம்பித்துக் கடைசிப் பெட்டிவரை கோமதி விவரித்தாள். பருத்திக்காட்டில் ஒருத்தி சிவப்புச் சேலை கட்டியிருந்தது, குளத்தில் மாடு இறங்கியது, கோபுரத்துக்குப் பின்னால் தறிக்கொட்டகை ஓடுகள் மின்னியது எல்லாம் வந்தது. குரங்கு மட்டும் வரவில்லை. நான் செல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை கோமதியைப் பார்த்த முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன, ஐயோ பாவம் என்று. இந்த முகம் வேறு. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. எனக்குத் தெரியாத முகமா அது? தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

உங்கள் வேலை சரியாக நடக்கிறதா என்று மேலதிகாரி வந்து பார்ப்பார், எழுதிக்கொள்வார். அதை விடுங்கள். பக்கத்தில் நடந்து போகிற பிள்ளைக்கு உங்கள் பிள்ளையைப் பார்த்து வயிறு எரிகிறதா? எரிந்தால் சரியாக நடக்கிறது. பாவம் என்கிறதா? எங்கேயோ தப்பு இருக்கிறது, கம்பிக்கு எவ்வளவு பச்சைப் பெயின்ட் அடித்திருந்தாலும்.

கீழே இறங்கினோம். அண்டாவில் கறிவேப்பிலைகூட மிச்சம் இல்லை. மரத்து மேல் குரங்குகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் சிலது அழ ஆரம்பித்தன. காவலுக்கு யாரை வைத்தோம் என்று வார்டனம்மா என்னைப் பார்த்தார். நான் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தேன். கோமதிதான் பதில் சொன்னாள்.

"நான் மேல போறேன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? வேற ஆள வச்சிருக்கணும்."

வார்டனம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடுதிக்குத் திரும்பும்வரை எல்லோருக்கும் வயிறு காய்ந்தது. அவளுக்கும்தான். அவள் மட்டும் பசி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தை மாசம் சும்மாட்டுக்குச் சண்டை. நடக்கிற பிள்ளைகள் எல்லாம் கம்பிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்துதான் ஏறுவோம் என்று நின்றார்கள். அத்தனை பேருக்குச் சும்மாட்டுக்கு எங்கே போவது? நடக்கிறவர்கள் உட்கார்ந்து ஏறக்கூடாது என்று வார்டனம்மா புதுச் சட்டம் போட்டார். விடுதியில் இருந்துவிடுகிற மற்றப் பிள்ளைகளும் வண்டியில் வந்தன. அண்டாக் காவலுக்கு எல்லோர் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கினார்கள், கோமதி பெயரும் சேர்த்துத்தான். சீட்டு செல்விக்கு விழுந்தது.

மேலே போனவர்களில் கோமதிதான் கடைசியாக இறங்கி வந்தாள். மடியில் ஒரு பாட்டில். செல்வி புளியமரத்தில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்குத்தான் கொண்டாந்தேன்," என்று கோமதி நீட்டினாள்.

செல்வி வாங்கினாள். மோந்து பார்த்தாள்.

"குழாத் தண்ணி," என்று சொல்லிவிட்டு மண்ணில் கவிழ்த்தாள்.

கோமதி அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மரத்துக் குரங்கெல்லாம் முழித்துக்கொண்டது.